‘அது குடும்பத்துல உள்ளதாக்கும்’: தற்கொலைப் போக்கும் மரபணுவும்

கன்னியாகுமரி மாவட்டத்தில் எதிர்பாராத மரணம் ஒன்று நிகழ்ந்த வீட்டுக்குத் துஷ்டி கேட்கப் போகிறவர்கள், முற்றத்து நாற்காலிகளில் உட்கார்ந்து தாழ்ந்த குரலில் பேசிக்கொள்ளும்போது, சற்று நேரத்தில் யாராவது ஒருவர் இந்த வாக்கியத்தைச் சொல்லிவிடுவார்: “அது அந்தக் குடும்பத்துல உள்ளதாக்கும்.” இறந்தவரின் சித்தப்பாவோ பாட்டியின் தம்பியோ முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன்னால் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டிருப்பார், வயதானவர் ஒருவர் அதை நினைவிலிருந்து எடுத்து வைப்பார். பேச்சு அன்றோடு முடிவதில்லை. இரண்டு ஆண்டு கழித்து அந்த வீட்டுப் பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது, அருமனையிலிருந்தோ ஆரல்வாய்மொழியிலிருந்தோ விசாரிக்க வருகிறவரின் காதிலும் அது விழும்.

அந்த வாக்கியம் முழுப் பொய்யும் அல்ல, முழு உண்மையும் அல்ல. தற்கொலைப் போக்கு சில குடும்பங்களில் அதிகம் காணப்படுகிறது என்பது கடந்த நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பல நாடுகளில் மீண்டும் மீண்டும் உறுதிப்பட்ட செய்தி. ஆனால் முற்றத்தில் பேசுகிறவர்கள் ‘உள்ளது’ என்று சொல்லும்போது மனத்தில் வைத்திருக்கும் பொருள், அதாவது சொத்துப்போல, சாபம்போல, வாதைபோல ஒரே துண்டாக அடுத்த தலைமுறையின் மடியில் வந்து விழும் ஒன்று, ஆய்வுகள் எதிலும் தென்படவில்லை. இந்த இரண்டுக்கும் இடையிலான தூரத்தை அளந்து பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

முதலில் குடும்பம். அமெரிக்காவின் தென்கிழக்குப் பென்சில்வேனியாவில் வாழும் ஆமிஷ் சமூகத்தினர் மது, விவாகரத்து, வேலையின்மை, தனிமை ஆகியவை அரிதான, வம்ச வரலாற்றைத் துல்லியமாகக் குறித்துவைக்கும் மக்கள். ஜானிஸ் ஈக்லண்ட், ஜேம்ஸ் சசெக்ஸ் ஆகிய இருவரும் 1880 முதல் 1980 வரையிலான நூறு ஆண்டுகளில் அங்கே நிகழ்ந்த தற்கொலைகளைத் தேடியபோது, மொத்தம் 26 மட்டுமே கிடைத்தன. அவற்றில் 73 விழுக்காடு நான்கே குடும்ப வழிகளில் நிகழ்ந்திருந்தன. இறந்த 26 பேரில் 24 பேருக்குத் தீவிர மனச்சோர்வு அல்லது இருதுருவ மனநோய் (மனம் கடும் சோர்வுக்கும் மிகை எழுச்சிக்கும் மாறி மாறிப் போகும் நோய்) இருந்தது. 1985இல் வெளியான இந்த ஆய்வில் அதிகம் மேற்கோள் காட்டப்படாத இன்னொரு பகுதி உண்டு, எனக்கு அதுவே முக்கியமாகப் படுகிறது. அதே அளவு மனச்சோர்வு நோய் பரவியிருந்த வேறு சில குடும்பங்களில் நூறு ஆண்டுகளில் ஒரு தற்கொலைகூட இல்லை. நோய் மட்டும் போதாது, நோய்க்கு மேல் வேறு ஏதோ ஒன்று வேண்டும், அந்த ஒன்றும் குடும்பத்தோடு ஒட்டியே போகிறது என்ற ஐயம் இங்கிருந்துதான் வலுத்தது.

ஆனால் ஒரு குடும்பம் பிள்ளைக்குக் கொடுப்பது மரபணுவை மட்டும் அல்ல. கடன், குடி, சண்டை, மௌனம், கண்முன்னே கண்ட ஒரு மரணம் எல்லாம் ஒரே கூரையின் கீழ்தான் கைமாறுகின்றன. இதைப் பிரித்தறிய டென்மார்க்கின் தத்துப் பதிவேடுகள் உதவின. ஃபினி ஷுல்சிங்கரும் சீமோர் கெட்டி உள்ளிட்ட அவருடைய சகாக்களும் 1979இல் வெளியிட்ட ஆய்வில், குழந்தைப் பருவத்திலேயே தத்துக் கொடுக்கப்பட்டுப் பின்னாளில் தற்கொலையால் இறந்த 57 பேரையும், அவர்களுக்கு ஒப்பான வேறு 57 தத்துப் பிள்ளைகளையும் எடுத்துக்கொண்டார்கள். முதல் பிரிவினரின் ரத்த உறவினர் 269 பேரில் 12 பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். இரண்டாம் பிரிவினரின் ரத்த உறவினர் 269 பேரில் 2 பேர் மட்டுமே. இரு பிரிவினரையும் எடுத்து வளர்த்த குடும்பங்களில் ஒருவர்கூட இல்லை. பெற்றவர்களை அறியாமலே வளர்ந்த பிள்ளைகளிடம் பெற்ற வழியின் சாயல் தெரிந்தது என்றால், ரத்தத்தில் ஏதோ ஒன்று பயணம் செய்கிறது என்பதை மறுக்க வழியில்லை.

இரட்டையர் ஆய்வுகளும் அதையே சொன்னாலும், அவற்றின் எண்களை நாம் மறுபக்கத்திலிருந்தும் படிக்க வேண்டும். அலெக் ராய் குழுவினர் 1991இல், ஒருவரேனும் தற்கொலையால் இறந்த இரட்டையர் இணைகளை ஆராய்ந்தார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த 62 இணைகளில் 7 இணைகளில் இருவருமே அவ்வாறு இறந்திருந்தார்கள். இரு வேறு கருக்களில் தோன்றிய 114 இணைகளில் 2 மட்டுமே. முன்னது 11 விழுக்காடு, பின்னது 2 விழுக்காட்டுக்கும் குறைவு. இந்த வித்தியாசம் மரபணுவின் கையைக் காட்டுகிறது. ஆனால் மிச்சமுள்ள 55 இணைகளைப் பாருங்கள். மரபணு அளவில் ஒருவரின் நகலே மற்றவர். பெரும்பாலும் ஒரே வீட்டில் ஒன்றாக வளர்ந்தவர்கள். உடன்பிறந்தவரை இழந்த பெருந்துயரமும் சேர்ந்திருக்கிறது. இருந்தும் மற்றவர் அந்த வழியில் போகவில்லை. ‘குடும்பத்துல உள்ளது’ விதி என்றால் இந்த 55 இணைகளை எந்தக் கணக்கில் வைப்பது?

இத்தகைய ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்துத் தற்கொலைப் போக்கின் மரபுப் பங்கு 30 முதல் 55 விழுக்காடு வரை என்று மதிப்பிடுகிறார்கள். இந்த விழுக்காடுதான் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் எண். ஒருவருடைய துயரத்தில் பாதி மரபணு, பாதி சூழல் என்று அதற்குப் பொருள் இல்லை. நம் மாவட்டத்து ரப்பர் தோட்டத்தை வைத்து இதை விளங்கிக்கொள்ளலாம். கீரிப்பாறைப் பக்கம் ஒரு விளையில் நிற்கும் மரங்கள் எல்லாம் ஆர்.ஆர்.ஐ.ஐ. 105 என்ற ஒரே இனத்து ஒட்டுக் கன்றுகள் என்று வைத்துக்கொள்வோம். வேர்ப்பகுதியைத் தவிர அவை அனைத்துக்கும் மரபணு ஒன்றே. ஆகவே ஒரு மரம் சிரட்டை நிறையப் பால் தருவதற்கும் இன்னொன்று பாதி தருவதற்கும் உள்ள வேறுபாடு முழுவதும் மண், சரிவு, மழை, வெட்டுகிறவரின் கைப்பழக்கம் ஆகியவற்றால் வருவது. அங்கே மரபுப் பங்கு ஏறத்தாழப் பூஜ்யம். பக்கத்து விளையில் பழைய காலத்து விதைக் கன்றுகள் பல வகையாகக் கலந்து, ஒரே சமமான மண்ணில், ஒரே ஆளின் கத்தியில் நிற்கின்றன என்றால், அங்கே பாலின் வேறுபாட்டில் பெரும்பங்கு மரபணுவினுடையது. மரமும் ரப்பர், பாலும் பால். விழுக்காடு மட்டும் தலைகீழாகிவிட்டது. மரபுப் பங்கு என்பது தனி மரத்தைப் பற்றிய செய்தி அல்ல. தோட்டத்துக்குள் இருக்கும் வேறுபாடுகளைப் பற்றிய செய்தி. டென்மார்க்கிலோ ஸ்வீடனிலோ கணக்கிட்ட விழுக்காட்டை விளவங்கோட்டில் உள்ள ஒரு வீட்டின் மேல் அப்படியே ஒட்டிவிட முடியாது.

சரி, எந்த மரபணு? இங்கேதான் அறிவியலும் நெடுநாள் தடுமாறியது. ஸ்டாக்ஹோமில் மாரி ஆஸ்பெர்க் 1976இல் ஒரு செய்தியை வெளியிட்டார். செரட்டோனின் என்ற நரம்புவேதிப் பொருள் சிதையும்போது உண்டாகும் கழிவுப்பொருள், முதுகுத்தண்டு நீரில் குறைவாக இருந்த மனச்சோர்வு நோயாளிகளிடம் தற்கொலை முயற்சிகள், குறிப்பாகக் கடுமையான முயற்சிகள், அதிகமாக இருந்தன. அதன் பிறகு கால் நூற்றாண்டுக்கு மேல் எல்லோரும் செரட்டோனினைத் தயாரிக்கும், கடத்தும், ஏற்கும் மரபணுக்களையே தேடிக்கொண்டிருந்தார்கள். நியூசிலாந்தின் டுனடின் நகரில் பிறப்பிலிருந்தே தொடர்ந்து கவனிக்கப்பட்டுவந்த 847 பேரை வைத்து 2003இல் வந்த ஆய்வு, செரட்டோனின் கடத்தி மரபணுவின் குட்டை வடிவம் உள்ளவர்கள் வாழ்க்கையின் அடிகளுக்கு ஆளாகும்போது மனச்சோர்வுக்கும் தற்கொலை எண்ணத்துக்கும் எளிதில் உள்ளாகிறார்கள் என்றது. ‘தற்கொலை மரபணு’ என்று பத்திரிகைகள் தலைப்புப் போட்டுக்கொண்ட காலம் அது. லட்சக்கணக்கானோரின் தரவுகளைக் கொண்டு 2019இல் சரிபார்த்தபோது, மனச்சோர்வுக்கு அதுவரை பேர்பெற்றிருந்த 18 மரபணுக்களும், கண்ணை மூடிக்கொண்டு எடுத்த வேறு மரபணுக்களைவிட மேலாக எதையும் விளக்கவில்லை. செரட்டோனினுக்கும் தற்கொலைக்கும் தொடர்பே இல்லை என்று இதற்குப் பொருள் அல்ல. அத்தொடர்பை ஒற்றை மரபணுவின் ஒற்றை வடிவத்தில் போய் முடிச்சுப் போட்டது தவறு என்பதே பொருள்.

இப்போது வழி மாறிவிட்டது. எந்த மரபணுவையும் முன்கூட்டியே சந்தேகிக்காமல், மரபுத்தொகுதி முழுவதிலும் பல லட்சம் இடங்களை ஒரே நேரத்தில் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். 2022இல் வெளியான ஓர் ஆய்வில் தற்கொலை முயற்சி செய்த 29,782 பேரும் அப்படிச் செய்யாத 5,19,961 பேரும் ஒப்பிடப்பட்டார்கள். உறுதியாகக் கிடைத்தவை இரண்டே இடங்கள். அவற்றுள் ஏழாம் குரோமோசோமில் உள்ள ஓரிடம், மனநோய்களின் பங்கைக் கழித்த பிறகும் நிலைத்து நின்றது. தூக்கமின்மை, புகைப்பழக்கம், ஆபத்தை எண்ணாமல் துணிந்து இறங்கும் குணம் ஆகியவற்றோடும் அதே இடம் தொடர்புடையது. அடுத்த ஆண்டிலேயே முயற்சி செய்தோர் 43,871 பேரை, ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மற்றவர்களோடு ஒப்பிட்ட ஆய்வு வந்தது. இடங்கள் 12 ஆயின. ஆனால் இப்படி எண்ணிப் பார்க்கக்கூடிய மரபு வேறுபாடுகள் அனைத்தையும் கூட்டினாலும் அவை விளக்கும் பங்கு 5.7 விழுக்காடுதான். இரட்டையர் ஆய்வுகள் சொன்ன 30க்கும் 55க்கும் எங்கே, இது எங்கே? இந்த இடைவெளியின் ஒரு பகுதி இன்னும் கண்ணில் படாத அரிய மரபணு வேறுபாடுகளாக இருக்கலாம். ஒரு பகுதி, மரபணுவும் சூழலும் ஒன்றில் ஒன்று பின்னிக் கிடப்பதை நம் கணக்குமுறை பிரிக்கத் தெரியாமல் மரபணுவின் பேரில் எழுதிவிட்டதாகவும் இருக்கலாம்.

இந்த ஆய்வுகளில் பங்கேற்றோரில் பெரும்பகுதியினர் ஐரோப்பிய வம்சாவளியினர் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பல மரபணு வேறுபாடுகளின் சிறு பங்குகளைக் கூட்டி ஒருவருக்குக் கணிக்கும் ஒற்றை எண்ணை மரபு மதிப்பெண் என்கிறார்கள். ஒரு வம்சாவளியில் கணித்த மரபு மதிப்பெண் இன்னொரு வம்சாவளியில் அதே அளவு பொருந்துவதில்லை என்பது பல நோய்களிலும் கண்டது. ஐரோப்பியரிடமே, ஒருவரின் மரபு மதிப்பெண்ணைப் பார்த்து அவர் என்ன செய்வார் என்று சொல்ல முடியாது. எனவே எச்சிலை அனுப்பினால் மனநலத்தைப் பற்றி எதிர்காலம் சொல்கிறோம் என்று யாராவது விளம்பரம் செய்தால், அதைவிடக் கிளி ஜோசியம் மலிவு.

அப்படியானால் தலைமுறை தாண்டி வருவதுதான் என்ன? தற்கொலை அல்ல, ஒருவகைத் தாங்குதிறன் குறைவு என்பதே இன்று பெரும்பாலானோர் ஒத்துக்கொள்ளும் விடை. ஜான் மான் 1990களின் இறுதியில் முன்வைத்த விளக்கம் இந்தத் துறையில் இன்றும் அடிப்படையாக இருக்கிறது. அதன்படி இரண்டு தனித்தனி விஷயங்கள் சந்திக்க வேண்டும். ஒன்று மனச்சோர்வு, இழப்பு, அவமானம், கடன் முதலிய அழுத்தம். மற்றொன்று அந்த அழுத்தத்தின் கீழ் செயலில் இறங்கிவிடும் மன அமைப்பு. திடீர்க் கோபம், யோசிக்குமுன் செய்துவிடும் அவசரம், நம்பிக்கை சட்டென வற்றிப்போதல் ஆகியவை அந்த இரண்டாவதன் உறுப்புகள். டேவிட் பிரென்ட்டும் மானும் முயற்சி செய்து பிழைத்த பெற்றோரின் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, அப்பிள்ளைகளிடம் முயற்சிக்கான வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு இருந்தது. அந்தப் பாதையில் முன்னதாகவே தென்பட்டது இந்த அவசரக் கோபம். நம் ஊரில் ‘முன்கோபி, அப்பனைப் போல’ என்று சிரித்துக்கொண்டே சொல்கிற குணத்தில், ஆய்வாளர்கள் தேடும் இழையின் ஒரு நுனி இருக்கிறது. முன்கோபம் உள்ள எல்லோரையும் சந்தேகிக்க வேண்டும் என்று இதற்குப் பொருள் இல்லை. அவர்களில் மிகப் பெரும்பாலோர் கோபித்துவிட்டு மாலையில் சாயா குடித்துச் சமாதானமாகிவிடுகிறவர்கள்தாம்.

பெற்றோரிடமிருந்து வரும் பங்கில் மரபணு எவ்வளவு, வளர்ப்பு எவ்வளவு என்பதை ஸ்வீடனின் தேசியப் பதிவேடுகளைக் கொண்டு கென்னத் கெண்ட்லர் குழுவினர் 2020இல் பிரித்துக் காட்டினார்கள். தற்கொலை முயற்சியைப் பொறுத்தவரை இரண்டும் ஏறத்தாழச் சமம்.

மரபணுவும் வாழ்க்கையும் எங்கே ஒன்றையொன்று தொடுகின்றன என்பதற்கு 2009இல் கனடாவிலிருந்து ஒரு விடை வந்தது. கியூபெக்கின் மூளைச் சேமிப்பகத்திலிருந்த 36 பேரின் மூளைத் திசுக்களை மைக்கேல் மீனி, குஸ்தாவோ துரெக்கி, மோஷே சைஃப் ஆகியோரின் குழு ஆராய்ந்தது. 12 பேர் குழந்தைப் பருவத்தில் கொடுமைக்கு ஆளாகிப் பின்னாளில் தற்கொலையால் இறந்தவர்கள். 12 பேர் கொடுமை எதற்கும் ஆளாகாமல் அவ்வாறு இறந்தவர்கள். 12 பேர் வேறு காரணங்களால் இறந்தவர்கள். அழுத்தத்தின்போது சுரக்கும் கார்ட்டிசோலை ‘போதும்’ என்று கட்டுப்படுத்த உதவும் ஏற்பியை உண்டாக்கும் மரபணுவின் மேல், முதல் பிரிவினரிடம் மட்டும் மெத்தில் என்ற வேதிக்குறிகள் கூடுதலாகப் படிந்திருந்தன. மரபணுவின் எழுத்து மாறவில்லை. அதைப் படிக்கவிடாமல் மேலே மெழுகு பூசியதுபோல் ஆகியிருந்தது. 36 என்பது சிறிய எண், இறந்தவரின் மூளையில் கண்டதை உயிரோடிருப்பவரிடம் நேராகச் சோதிக்கவும் முடியாது. ஆயினும் ஒரு குழந்தை பட்ட அடி அதன் மரபணு இயங்கும் விதத்திலேயே தடம் பதிக்கலாம் என்ற செய்தி, ‘பரம்பரை’ என்றால் மாற்ற முடியாதது என்ற எண்ணத்தை அசைத்துவிட்டது. குடிகாரத் தந்தையின் வீட்டில் பயந்து வளரும் பிள்ளைக்குப் பின்னாளில் வரும் துன்பத்தை ஊர் ‘ரத்தம்’ என்று சொல்லும்போது, அந்த ரத்தத்தில் எவ்வளவு அந்த வீட்டின் இரவுகள் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டியிருக்கிறது.

உறவுமுறையைப் பற்றி ஒரு சிறு விலகல். நாஞ்சில் நாட்டில் வேளாளர்களிடமும் நாயர்களிடமும் 1920களில் திருவிதாங்கூர்ச் சட்டங்கள் மாற்றும்வரை மருமக்கள்வழி இருந்தது. குடும்பத் தலைவரான காரணவரின் சொத்து அவருடைய சகோதரியின் பிள்ளைகளுக்குப் போனது. மரபணு அந்த வழக்கத்தை மதித்ததில்லை. தாயிடமிருந்து பாதி, தந்தையிடமிருந்து பாதி. தாய்மாமனோடு சராசரியாகக் கால் பங்கு, அதே கால் பங்கு பெரியப்பா சித்தப்பாவோடும். அத்தை மகனோடு எட்டில் ஒன்று. வரன் விசாரிக்கிறவர்கள் தூரத்துப் பங்காளி ஒருவரின் மரணத்தைக் கொண்டுவந்து வைக்கும்போது, அதில் மரபணு சார்ந்த செய்தி அனேகமாக ஒன்றும் இல்லை.

நெருங்கிய உறவே ஆனாலும் எவ்வளவு? டென்மார்க்கில் 1981 முதல் 1997 வரை தற்கொலையால் இறந்த 4,262 பேரைக் கொண்டு பிங் சின் குழுவினர் 2002இல் கணக்கிட்டபோது, பெற்றோரோ உடன்பிறந்தாரோ அவ்வாறு இறந்திருந்தால் ஆபத்து சுமார் 2.6 மடங்காகிறது என்று வந்தது. மடங்கு என்ற சொல் பயமுறுத்தும். அதை அடிப்படை எண்ணோடு வைத்துப் பார்க்க வேண்டும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின்படி 2022இல் தமிழ்நாட்டில் 19,834 தற்கொலைகள்; லட்சம் பேருக்கு 25.9. நாட்டின் சராசரியான 12.4ஐவிட இது இரண்டு மடங்குக்கும் அதிகம். எண்ணிக்கையில் மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம். வேறொரு நாட்டின் மடங்கை இங்கே பெருக்குவது துல்லியம் ஆகாது என்றாலும், ஒரு மதிப்பீட்டுக்காகப் பெருக்கினால் லட்சத்துக்கு 67 வருகிறது. அதாவது அப்படியொரு இழப்பைக் கண்ட குடும்பத்தினர் ஒரு லட்சம் பேரில், ஓராண்டில் 99,930க்கும் மேற்பட்டோருக்கு ஒன்றும் நேர்வதில்லை. மருத்துவர் கவனிக்க வேண்டிய வேறுபாடு இது, ஐயமில்லை. ஒரு பெண்ணின் திருமணத்தை நிறுத்துவதற்கான காரணமாக இதைக் காட்டுவது கணக்கு தெரியாமை.

தமிழ்நாட்டிலேயே செய்யப்பட்ட ஆய்வுகளும் இதோடு சேர்ந்தே நிற்கின்றன. லட்சுமி விஜயகுமாரும் ராஜ்குமாரும் சென்னையில் தற்கொலையால் இறந்த 100 பேரின் வாழ்க்கையை, அதே வயது, அதே பகுதியைச் சேர்ந்த 100 பேரோடு ஒப்பிட்டு 1999இல் வெளியிட்டார்கள். மனநோய், குடும்பத்தில் மனநோய் வரலாறு, அண்மையில் நிகழ்ந்த வாழ்க்கைத் துயரம் ஆகிய மூன்றும் முன்னே நின்றன. குடும்ப வரலாறு அங்கே இருக்கிறது. ஆனால் சிகிச்சைக்கு உட்படக்கூடிய இரண்டு காரணங்களின் நடுவில் இருக்கிறது. வேலூர் கணியம்பாடி வட்டாரத்தில் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் வீடு வீடாக விசாரித்துத் திரட்டிய தரவில், பதின்பருவத்தினரிடையே ஆண்களைவிடப் பெண்களின் தற்கொலை விகிதம் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. மேலை நாடுகளில் இது தலைகீழ். அண்ணனும் தங்கையும் ஒரே பெற்றோரின் மரபணுக்களைத்தான் பெற்றிருக்கிறார்கள். பெண்ணாக வளர்வதன் மேல் விழும் அழுத்தம் மட்டும் ஊருக்கு ஊர் வேறு.

இன்னும் தெளிவான சான்று கடலுக்கு அந்தப் பக்கத்தில் இருக்கிறது. 1995இல் லட்சத்துக்கு 47 என்ற அளவில் உலகின் மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்றைக் கொண்டிருந்த இலங்கை, கடும் நச்சுள்ள பூச்சிக்கொல்லிகளைப் படிப்படியாகத் தடைசெய்ததை அடுத்து, இருபது ஆண்டுகளில் அந்த விகிதத்தை 70 விழுக்காட்டுக்கு மேல் குறைத்தது. ஒரு மக்கள்தொகையின் மரபணு இருபது ஆண்டில் மாறாது.

ஆகவே குடும்ப வரலாறு என்ற செய்தி எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதுதான் கேள்வி. இப்போது அது கல்யாணத் தரகருக்குத் தெரிகிறது, பங்காளிகளுக்குத் தெரிகிறது; ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியிலோ தக்கலை அரசு மருத்துவமனையிலோ தூக்கம் வரவில்லை, பசிக்கவில்லை, உடம்பெல்லாம் வலிக்கிறது என்று வந்து உட்காரும் இளைஞரிடம், “வீட்டில் யாராவது இப்படி இறந்திருக்கிறார்களா?” என்று மருத்துவர் கேட்கும்போது மட்டும், கூட வந்த அம்மா இல்லை என்று தலையசைத்துவிடுகிறார். வெட்கம் காரணம்; சட்டத்தைப் பற்றிய பழைய பயமும் காரணம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆவது பிரிவு, முயற்சி செய்தவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. அரசு அவருக்குப் பராமரிப்பும் சிகிச்சையும் தர வேண்டும் என்றும் சொல்கிறது. அம்மா மறைக்கும் அந்த ஒரு விடை கிடைத்தால் மருத்துவர் செய்வது பெரிதாக ஒன்றும் இல்லை: மனச்சோர்வுக்குச் சற்று முன்னதாகவே மருந்தும் பேச்சுச் சிகிச்சையும் தொடங்குவார், எண்ணம் வருகிறதா என்று நேரடியாகவே கேட்பார், அடுத்த வருகைக்கு ஒரு மாதம் என்பதை ஒரு வாரம் என்று எழுதுவார், வீட்டாரிடம் சில நாட்கள் கூடவே இருக்கச் சொல்வார். இருதுருவ நோய் என்றால் லித்தியத்தைப் பற்றி யோசிப்பார். தற்கொலை ஆபத்தைக் குறைப்பதில் நீண்ட காலச் சான்று உள்ள மருந்து அது, ரத்தத்தில் அதன் அளவைப் பார்த்துப் பார்த்துத் தர வேண்டும். இவற்றில் எதற்கும் மரபணுச் சோதனை தேவையில்லை.

மருத்துவமனைக்குப் போகுமுன் பேச விரும்புகிறவர்களுக்கும், இப்போது இதைப் படிக்கும்போதே அந்த எண்ணம் மனத்தில் உள்ளவர்களுக்கும், மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416; கட்டணமில்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். தமிழ்நாடு அரசின் 104 எண்ணும், சென்னையில் 1986 முதல் இயங்கிவரும் சினேகா அமைப்பின் 044-24640050 எண்ணும் உண்டு. அழைக்கிறவரிடம் அவர்கள் கேட்பது, இன்று என்ன நடந்தது, இப்போது கூட யார் இருக்கிறார்கள் என்பதைத்தான்.